ஆர்.ஓ. பில்டர்: திருகோணமலைக் கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்றபடி பொருத்துவது எப்படி?

வீட்டுக்கு விற்க வருபவர் மேசையில் இரண்டு கிளாஸ் வைப்பார். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த பில்டர் தண்ணீர். நான்கு கம்பி உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுப்பார். ஒரு நிமிடத்துக்குள் கிணற்றுத் தண்ணீர் கபில நிறமாகித் திரையும். மற்றது தெளிவாகவே கிடக்கும். "இதைத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க" என்பார்.

அந்தக் கபிலம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீர் மின்னைக் கடத்தும். மின் ஓடினால் இரும்பு கரையும். அவருடைய தெளிந்த கிளாசில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைக் கலக்கி மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் கபிலமாகும்.

கோடை பிறந்து கிணறுகள் சவர்க்கத் தொடங்கியதும் நிலாவெளி முதல் மூதூர் வரை இந்தச் சோதனையைப் பார்த்துப் பயந்து, தண்ணீரிலுள்ள உப்பை மறிக்கும் ஆர்.ஓ. பில்டரை வாங்குபவர்கள் உண்டு. ஆர்.ஓ. தேவைப்படும் வீடுகள் இந்த மாவட்டத்தில் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் எந்தத் தண்ணீருக்குப் பூட்டுகிறோம் என்று அளந்து பார்க்காமல் பூட்டிய இயந்திரம் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், அல்லது தேவையே இல்லாத வீட்டில் தண்ணீரையும் மின்சாரத்தையும் தின்னும்.

ஆர்.ஓ. செய்வது என்ன?

பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணம்தான் அடிப்படை. ஒரு மென்சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர் இருந்தால், நல்ல தண்ணீர் உப்புப் பக்கம் போகும். உப்புப் பக்கத்தில் போதிய அமுக்கம் கொடுத்தால் இது தலைகீழாகும்: உப்பு இங்கேயே நிற்க, தண்ணீர் மட்டும் மறுபக்கம் வரும். இதுவே ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ், சுருக்கமாக ஆர்.ஓ.

மறிக்கப்பட்ட உப்பு எங்கேயும் மறைவதில்லை. சவ்வின் முன்பக்கத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கழுவிக்கொண்டு போக ஒரு பங்கு தண்ணீர் இடைவிடாமல் வெளியேற வேண்டும். "வீணாகப் போகுது" என்று பலர் கவலைப்படும் அந்தக் கழிவுநீர்தான் மெம்பிரேனை, அதாவது அந்தச் சவ்வை, உயிரோடு வைத்திருக்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

டிடிஎஸ் என்பது ஒரு லீற்றரில் கரைந்திருக்கும் உப்புக்களின் மொத்த நிறை. மில்லிகிராமில் சொன்னாலும் பிபிஎம்மில் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) சொன்னாலும் நமது தேவைக்கு ஒன்றுதான். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 : 2013 இதற்கு 500 என்று எல்லை வைக்கிறது. பேனா போன்ற சிறிய மீற்றர் மின் கடத்தலை அளந்து இதைக் கணக்கிட்டுக் காட்டும். கிருமி, பூச்சிமருந்து, குளோரின் எதையும் அது காட்டாது. மலக்குழிக்குப் பக்கத்துக் கிணறு 180 காட்டலாம். அதற்காக அது குடிக்கக்கூடிய தண்ணீர் ஆகிவிடாது.

வன்மை என்பது கல்சியம், மக்னீசியத்தின் அளவு. கேத்தலில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதும் இதனால்தான். எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். புளோரைட்டுக்கு 1.0, நைத்திரேற்றுக்கு 50. இந்த இரண்டும் கொதிக்க வைத்தால் குறையாது; தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நைத்திரேற்றுக் கூடிய தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்து.

உங்கள் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

1. நீர் வழங்கல் சபையின் பைப் தண்ணீர். நகரத்துக்கு வருவது கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குளோரின் போட்டது. குளத்து நீரில் கரைந்த உப்பு, கடற்கரைக் கிணற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. இந்த வீடுகளுக்கு வடிப்பானும் கரிப் பில்டரும் போதும்; மேல் தாங்கியை ஒழுங்காகக் கழுவுவது அதைவிட முக்கியம். மீற்றர் 300க்குக் கீழே காட்டும் பைப் தண்ணீருக்கு ஆர்.ஓ. பூட்டுவது வீண் செலவு.

2. கடற்கரை மணல் கிணறு. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அந்த 1 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழிருந்து உவர் 4 மீற்றர் மேலேறும். மோட்டர் போட்டு அடித்து இறைக்கும் கிணறு ஆவணியில் சவர்ப்பதும், வடகீழ்ப் பருவ மழைக்குப் பிறகு தெளிவதும் இதனால்தான். ஆர்.ஓ. பூட்ட நினைப்பவர் ஆகஸ்ட், செப்ரெம்பரில் அளக்க வேண்டும். தை மாதத்து 400ஐ நம்பி வாங்கிய இயந்திரம், கோடையில் 1400 வரும்போது திணறும்.

3. கடலுக்கு எட்டத்திலுள்ள பாறை நிலக் கிணறும் குழாய்க்கிணறும். கோமரங்கடவல, பதவிசிறிபுரப் பக்கங்களில் உப்பைவிட வன்மையும் புளோரைட்டும்தான் பிரச்சினை. காரணம் முழுதாக நிறுவப்படாத சிறுநீரக நோய் பரவிய பகுதிகள் இவை. ஆர்.ஓ. உண்மையாகப் பயன் தருவது இங்கேதான். மெம்பிரேன் சீக்கிரம் கல்லாகிப் போவதும் இங்கேதான்.

கிணற்றுத் தண்ணீரை வாங்கமுதல் ஒருதரம் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணத்துக்குச் செய்யலாம். டிடிஎஸ், வன்மை, இரும்பு, புளோரைட்டு, நைத்திரேற்று, கொலிபோம் கிருமி என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். இரும்பை வீட்டிலேயே ஓரளவு அறியலாம்: இறைத்த தண்ணீரை வெள்ளை வாளியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் செம்மண் நிறம் படிந்திருந்தால் கரைந்த இரும்பு உண்டு. அந்தத் தண்ணீரை நேரே ஆர்.ஓ.வுக்கு விடக்கூடாது, காற்றுப் படவிட்டு, தாங்கியில் அடைய வைத்து, மேல் தண்ணீரையே எடுக்க வேண்டும்.

அமுக்கமும் கழிவுநீரும்: எல்லாம் தங்கியிருப்பது இதில்

1000 பிபிஎம் உப்புள்ள தண்ணீரைச் சவ்வுக்குள்ளால் தள்ளத் தொடங்கவே ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கம் தேவை. அதற்கு மேல் கொடுப்பதுதான் தண்ணீரைத் தரும். மேல் தாங்கி குழாயிலிருந்து 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 8.5 பிஎஸ்ஐ மட்டுமே. ஆகவே இங்கே பூஸ்டர் பம்ப் இல்லாத ஆர்.ஓ.வை யாராவது மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம். 24 வோல்ட் பம்ப், வேலை செய்யும்போது 70 முதல் 90 பிஎஸ்ஐ வரை தரவேண்டும்.

அடுத்தது கழிவுநீர்ப் பங்கு. உள்ளே வரும் தண்ணீரில் எத்தனை வீதத்தை நல்ல தண்ணீராக எடுக்கிறோமோ, அதைப் பொறுத்து எஞ்சும் தண்ணீர் செறிகிறது. வன்மை 400 உள்ள கிணற்றை எடுத்துக்கொள்வோம்.

25 வீதம் எடுத்தால், கழிவுநீரின் வன்மை சுமார் 530.
50 வீதம் எடுத்தால் 800.
75 வீதம் எடுத்தால் 1600.

மெம்பிரேனின் கடைசி முனையைத் தொட்டுக்கொண்டு போவது இந்தத் தண்ணீர்தான். கேத்தலில் படியும் அதே வெள்ளைக் கல் 800, 1600இல் மெம்பிரேன் மேல் படியத் தொடங்கும். படிந்த பிறகு வீட்டில் கழுவி மீட்பது கடினம். வன்மையான கிணறுகளுக்கு நல்லது 1 பங்கு, கழிவு 3 பங்கு என்பதே பாதுகாப்பான கணக்கு. பைப் தண்ணீர் போல உப்புக் குறைந்ததற்கு 1:1 வரை குறைக்கலாம்.

இந்தப் பங்கைத் தீர்மானிப்பது விரல் நீளமே உள்ள ஒரு சிறு பாகம்: கழிவு ரியூபில் பூட்டும் புளோ ரெஸ்ட்ரிக்டர். அதன் மேல் 300, 450, 600 என்று எழுதியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் கழிவு விடும் என்பது அது. நாளுக்கு 75 கலன் என்று குறித்த மெம்பிரேன், நல்ல நிலையில் நாளுக்கு 284 லீற்றர், நிமிடத்துக்கு சுமார் 200 மில்லிலீற்றர் தரும். அதற்கு 300 பூட்டினால் நல்லது 40 வீதம். 600 பூட்டினால் 25 வீதம். பெட்டியோடு வரும் ரெஸ்ட்ரிக்டர் மென்மையான தண்ணீரை நினைத்துப் போட்டதாக இருக்கக்கூடும். கடைக்காரரிடம் எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால் நீங்களே அளக்கலாம்: ஒரு லீற்றர் ஜக், கைத்தொலைபேசிக் கடிகாரம் போதும். தாங்கியின் வால்வை மூடிவிட்டு நல்ல தண்ணீரையும் கழிவையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். கழிவு இரண்டு நிமிடத்தில் ஒரு லீற்றர் நிறைந்து, நல்லது நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர் என்றால் பங்கு ஏறத்தாழ 1:3.3. அது சரி.

ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 முதல் 25 லீற்றர் போதும். அப்போது கழிவு 60 முதல் 75 லீற்றர். குளிக்க, உடுப்புக் கழுவ ஆர்.ஓ. வேண்டாம்.

பாகங்கள், தண்ணீர் போகும் வழியில்

5 மைக்ரோன் நூல் பில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். அடுத்து கரித்தூள் பில்டர், அழுத்திய கரிக்கட்டைப் பில்டர்; இவற்றின் முதல் வேலை குளோரினை அகற்றுவது. பிறகு பம்ப், மெம்பிரேன், சேமிப்புத் தாங்கி, கடைசியில் சுவைக்கான சிறு கரிப் பில்டர், குழாய். தாழ் அமுக்க சுவிட்ச் தண்ணீர் இல்லாத நேரம் பம்பை நிறுத்தும். உயர் அமுக்க சுவிட்ச் தாங்கி நிறைந்ததும் நிறுத்தும். பம்ப் நிற்கும்போது உள்வரும் தண்ணீரை மறிக்க ஒரு சொலனொய்ட் வால்வும் வேண்டும். அது இல்லாவிட்டால் மேல் தாங்கித் தண்ணீர் இரவு பகலாகக் கழிவுக் குழாயில் ஒழுகிக்கொண்டிருக்கும்.

குளோரினைப் பற்றி ஒரு சொல். மெம்பிரேன் உப்பைத் தாங்கும், குளோரினைத் தாங்காது. வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவார்கள், அது அவசியம். அந்த நாட்களில் ஆர்.ஓ.வை நிறுத்தி, கிணற்றில் குளோரின் மணம் போகும் வரை இறைத்து ஊற்றிவிட்டு இயக்குங்கள். ஒரே ஒரு தடவை கடும் குளோரின் பட்டால்கூட மெம்பிரேனின் ஆயுள் குறையும்.

பொருத்தும் ஒழுங்கு

1. இடம். குசினியில் வெயில் படாத சுவர். பில்டர்களை வைக்கும் ஒளி ஊடுருவும் கூடுகளில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். கூடுகளுக்குக் கீழே 25 சென்ரிமீற்றர் வெளி விடுங்கள், இல்லாவிட்டால் பில்டர் மாற்றும் நாளில் முழு இயந்திரத்தையும் கழற்ற நேரும். மெம்பிரேன் 45 பாகைக்கு மேல் தாங்காது. கூரைமேல் வெயிலில் கிடக்கும் பைப்பில் நண்பகலில் நிற்கும் தண்ணீர் கையைச் சுடும். அந்த லைனில் எடுக்க வேண்டியிருந்தால் பைப்பை மூடிக் கட்டுங்கள்.

2. தண்ணீர் எடுப்பது. மேல் தாங்கி லைனில் ஒரு T பூட்டி, தனி வால்வு வையுங்கள். சபை லைனில் நேரே பம்ப் பூட்ட வேண்டாம். லைனில் அமுக்கம் இல்லாத நேரம் பம்ப் உறிஞ்சினால், நிலத்தடியில் கசியும் மூட்டுக்களால் அழுக்கு உள்ளே வரும்.

3. ரியூப் வெட்டுதல். கூரிய பிளேட்டால் நேர்க்குத்தாக ஒரே வெட்டு. கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசியும். கசிவுகள் பல இதனால் வருவது. ரியூபின் முனையிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றரில் பேனையால் கோடு போட்டுத் தள்ளுங்கள். முதலில் ஒரு தடை தெரியும், அதையும் தாண்டிக் கோடு மறையும் வரை போக வேண்டும். பிறகு இழுத்துப் பாருங்கள்.

4. கூடுகள். ஓ-வளையத்தை மெல்லிய துணியால் துடைத்து, உணவுத் தரச் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பூச்சு. வாஸ்லின், எஞ்சின் ஒயில் வேண்டாம். சில வகை இறப்பர் ஊதிப்போகும். கையால் இறுக்கி, சாவியால் கால் சுற்று மட்டும்.

5. கரியைக் கழுவுதல். மெம்பிரேன் கூட்டுக்குப் போகும் ரியூபைக் கழற்றி வாளியில் விட்டுப் பம்பை இயக்குங்கள். முதலில் கறுப்பாக வரும். தெளியும் வரை 10 முதல் 15 லீற்றர் ஊற்றுங்கள். இதை விட்டால் கரித்தூள் முழுவதும் புது மெம்பிரேனில் போய் அடையும்.

6. மெம்பிரேன். இரண்டு சிறு ஓ-வளையம் உள்ள முனை முதலில் உள்ளே போகும். அகன்ற கறுப்பு இறப்பர் வளையம் மூடிப் பக்கம் நிற்கும். கடைசியில் இருகை விரலால் அழுத்தினால் "டக்" என்று அமரும் உணர்வு வரும். அமராத மெம்பிரேன்தான் "புதுசு போட்டும் டிடிஎஸ் குறையேல்ல" என்ற முறைப்பாட்டுக்கு முதற் காரணம். உப்புத் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு நேரே நல்ல பக்கம் போய்விடுகிறது.

7. கழிவு ரியூப். கழிவு வாயிலில் ரெஸ்ட்ரிக்டர், நல்ல தண்ணீர் வாயிலில், தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு. இரண்டையும் மாற்றிப் பூட்டக்கூடாது. கழிவு ரியூபின் முனை சிங் பைப்பின் தண்ணீருக்குள் மூழ்காமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு மேலே நிற்கட்டும்.

8. தாங்கி. வெறும் தாங்கியின் காற்று அமுக்கம் 5 முதல் 7 பிஎஸ்ஐ இருக்க வேண்டும்; துவிச்சக்கரவண்டிப் பம்பும் சிறு அளவுமானியும் போதும். 12 லீற்றர் என்று விற்கும் தாங்கியில் பிடிப்பது சுமார் 8 லீற்றர்தான், மீதி காற்று.

9. முதல் ஓட்டம். தாங்கி வால்வை மூடி, குழாயைத் திறந்து அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த ரிசுத் தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டும். பிறகு தாங்கி நிறைய விட்டு, முதல் இரண்டு தாங்கித் தண்ணீரையும் குடிக்காமல் ஊற்றுங்கள். மெம்பிரேன் பழுதாகாமல் இருக்க இட்ட மருந்து அதில் இருக்கும்.

10. அளந்து எழுதுதல். உள்வரும் டிடிஎஸ் 1200, வெளிவருவது 72 என்றால், 1128ஐ 1200ஆல் வகுத்து 94 வீதம் மறித்திருக்கிறது. 90க்கு மேல் நல்லது. இரண்டு எண்ணையும் திகதியையும் கூட்டின் மேல் ஒட்டும் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது இந்தத் தாள்தான் உதவும்.

மெம்பிரேனுக்குப் பிறகு பித்தளை, இரும்புப் பைப் எதுவும் வேண்டாம். காபனீரொட்சைட்டு சவ்வைக் கடந்துவிடுவதால் ஆர்.ஓ. தண்ணீர் சற்று அமிலமாக இருக்கும், உலோகத்தை அரிக்கும்.

டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற திருகாணி

"சுவைக்காக" என்று சொல்லி ஒரு திருகாணி வைத்த இயந்திரங்கள் உண்டு. அது செய்வது, ஆர்.ஓ. செய்யாத பச்சைத் தண்ணீரில் கொஞ்சத்தை நல்ல தண்ணீரோடு கலப்பது. கிணற்றில் நைத்திரேற்றோ புளோரைட்டோ கிருமியோ இருந்தால் அதையும் சேர்த்துக் கலக்கும். கிணற்று வீடுகளில் இதை முற்றாக மூடிவிடுங்கள். தண்ணீர் சப்பென்று இருந்தால் கடைசியில் ஒரு கல்சியம் கனிமப் பில்டர் பூட்டலாம்.

டிடிஎஸ் 20க்கு வந்தால்தான் நல்லது என்பதும் தவறு. 50இலிருந்து 150 வரை இருந்தால் குடிக்கவும் பிளேன்ரீக்கும் நன்றாக இருக்கும்.

பழுதுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நல்ல தண்ணீர் மெதுவாக வருகிறது, டிடிஎஸ் கூடவில்லை. முதலில் நூல் பில்டரைப் பாருங்கள், கபிலமாகிவிட்டால் மாற்றுங்கள். கிணற்று வீட்டில் மூன்று மாதம், சில இடங்களில் இரண்டு. அது சுத்தமாக இருந்தால் பம்பின் அமுக்கத்தைப் பாருங்கள்.

நல்ல தண்ணீர் குறைகிறது, டிடிஎஸ்ஸும் ஏறுகிறது. மெம்பிரேனில் கல் படிந்திருக்கும். புது மெம்பிரேன் போடமுதல் கழிவுப் பங்கை அளந்து ரெஸ்ட்ரிக்டரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

நல்ல தண்ணீர் தாராளமாக வருகிறது, டிடிஎஸ் திடீரென ஏறிவிட்டது. குளோரின் சவ்வை அரித்திருக்கும், அல்லது ஓ-வளையம் விலகியிருக்கும். கரிப் பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாத வீடுகளில் இது நடக்கும்.

கழிவு நின்றுவிட்டது. ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருக்கிறது. உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள். இந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் மெம்பிரேனில் உப்பை ஏற்றும்.

தாங்கி நிறைந்தும் பம்ப் விட்டு விட்டு இயங்குகிறது. செக் வால்வு பின்னால் கசிகிறது. புதியது மலிவு, ஐந்து நிமிட வேலை.

காலையில் முதல் கிளாசின் டிடிஎஸ் மட்டும் கூட. பழுது அல்ல. இரவில் நின்ற தண்ணீரில் உப்பு மெல்ல ஊர்ந்து வரும். முதல் கிளாசை ஊற்றிவிடுங்கள்.

மணம் வந்தால் தாங்கியிலும் கடைசிப் பில்டரிலும் கிருமி வளர்ந்திருக்கும். ஆர்.ஓ. கிருமியை மறித்தாலும், அதற்குப் பின்னால் உள்ள தாங்கியையும் ரியூபையும் அது காப்பதில்லை. பில்டர் மாற்றும்போது மெம்பிரேனை வெளியே எடுத்து வைத்து, கூடுகளையும் தாங்கியையும் நீர்த்த குளோரின் கரைசலால் கழுவி, மணம் போகும் வரை அலசிய பிறகே மெம்பிரேனைத் திரும்பப் போடுங்கள். கிணற்றில் கொலிபோம் இருந்த வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள், அல்லது கடைசியில் ஒரு யூவி விளக்குப் பூட்டுங்கள். மாரியில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிய வாரங்களில் கொதிக்க வைப்பது எல்லாக் கிணற்று வீடுகளுக்கும் வேண்டும்.

கழிவுநீரை எங்கே விடுவது?

1200 டிடிஎஸ் கிணற்றின் கழிவு, 1:3 பங்கில் சுமார் 1580 இருக்கும். நிலம் கழுவ, மலசலகூடத்துக்கு ஊற்ற, மோட்டார் சைக்கிளின் முதல் சேற்றைக் கழுவ நல்லது. ஒரு மூடிய பரலில் பிடித்து வைத்தால் நாளுக்கு 60 லீற்றரும் பயன்படும். தென்னை ஓரளவு தாங்கும். மிளகாய், தேசி, வெண்டிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். புளோரைட்டுக் கிணற்றின் கழிவை ஆடு மாடு குடிக்கவும் வைக்க வேண்டாம், அதில் புளோரைட்டு இன்னும் செறிந்திருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் விடவே கூடாது: கிணற்றடியில். மணல் நிலத்தில் அந்த உப்பு நேரே கிணற்றுக்குள் திரும்பி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் கிணறு இன்னும் சவர்க்கும். கிணற்றிலிருந்து எட்டத்தில், வளவின் சரிவுப் பக்கம், ரியூபை நீட்டிக் கொண்டுபோய் விடுங்கள்.